ஃபைல்ல நாலு பேரா, மூணு பேரா

போன வாரம், இப்ப இந்த விசா வேலை பாக்குற உங்கள்ல ஒரு பொண்ணு எனக்குப் போன் பண்ணி, "ஆண்டி, அந்தக் காலத்துல பணம் போட்டு வெளிநாட்டுல நிரந்தரமாத் தங்க பிஆர் வாங்கறவங்களுக்கு எந்த நாட்டுத் திட்டம் சரியா வரும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"ன்னு கேட்டுச்சு. அஞ்சு நிமிஷத்துல சொல்லிடலாம்னு வாயத் திறந்தேன். முக்கால் மணி நேரம் பேசியும் முடியல. அது பாவம், "சரி ஆண்டி, சோறு ஆக்கணும்"னு வச்சிடுச்சு. அதனாலதான் எழுதறேன். எழுதிக் குடுத்தா பாதியில எழுந்து போனாலும் எனக்குத் தெரியாது, மனசும் நோகாது.

தொண்ணூறுகள்ல மலாக்கா டவுன்ல ஒரு சீன மருந்துக்கடைக்கு மேல்மாடியில எங்க ஆபீஸ். முதலாளி யாழ்ப்பாணத்துப் பெரியவரு, கோர்ட்டுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. நான் பெம்பான் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவ. டைப் அடிக்கத்தான் சேந்தேன். நாலஞ்சு வருஷத்துல வர்ற ஆளுங்களோட பேசி, திட்டம் பாத்து, ஃபைல் கட்டுற வேலையெல்லாம் என் தலையில வந்துடுச்சு. எனக்கும் அதுல ஒரு பெருமை.

அப்ப எங்க மேசைக்கு வந்தது மூணு நாடு. கனடாவுல, அரசாங்கம் ஒத்துக்கிட்ட ஒரு நிதியில பணத்தப் போட்டுட்டு சில வருஷம் தொடாம இருந்தா போதும். ஆஸ்திரேலியாவுல, இங்க நீ உண்மையிலேயே தொழில் பண்ணினவன்தானான்னு பாப்பாங்க, அங்க வந்தும் தொழில் பண்ணணும்பாங்க. நியூசிலாந்துல வயசு, படிப்பு, பணம் எல்லாத்துக்கும் மார்க்கு. நான் வர்றவங்ககிட்ட மூணே கேள்விதான் கேப்பேன். வயசு என்ன, கையில என்ன இருக்கு, இங்கிலீஷ் பேச வருமா. பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள, உனக்கு இந்த நாடுன்னு சொல்லிடுவேன். ஆளுங்க அசந்துடுவாங்க. திமிருதான், வேற என்ன.

அந்தத் திமிர்ல இருந்தப்பதான் நியாலாஸ்ல இருந்து லெட்சுமணண்ணன் வந்தாரு. சின்ன வயசுல தோட்டத்து லோரியில கிளீனரா இருந்தவரு. நான் பாக்கறப்ப எட்டு லோரிக்குச் சொந்தக்காரரு. சுத்துப்பட்டுத் தோட்டங்கள்ல செம்பனைக் குலை ஏத்தி எண்ணெய் மில்லுக்கு அனுப்புற வேலை. சம்சாரம் சரசக்கா. மக தேவிக்குப் பதினேழு, மகன் குமரனுக்குப் பன்னெண்டு.

"ஏண்ணே போகணும்?"னு கேட்டேன். "பிள்ளைங்க படிப்புக்குத்தான் தங்கச்சி"ன்னாரு. எல்லாரும் சொல்ற பதில்தானேன்னு நான் அதுக்கு மேல கேக்கல. இங்கிலீஷ் அவருக்கு சுத்தமா வராது. சரி, அங்க போய்த் தொழில் பண்ணச் சொல்றதெல்லாம் இவருக்கு ஆகாது, கனடா நிதிதான்னு சொல்லிட்டேன். அந்த மாசக் கடைசியோட போட வேண்டிய தொகை ஏறப் போகுதுன்னு பேச்சு வேற. மூணு வாரத்துல ஃபைல் போயாகணும். நாலு பேரோட பிறப்புப் பத்திரம், படம் எல்லாத்தையும் கொண்டாங்கன்னேன்.

ஒரு நாள் காலையில சரசக்கா மட்டும் பஸ்ஸுல வந்தாங்க. ஆபீஸ்ல வேற ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க. கவர்ல இருந்த படத்தை எடுத்து மேசையில பரப்பினேன். அண்ணன், அக்கா, பையன். நாலாவது படத்துல வெள்ளைத் தோலும் சின்னக் கண்ணுமா ஒரு சீனப் பொண்ணு.

நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், சத்தமாத்தான் சொன்னேன். "என்னக்கா, ஸ்டூடியோக்காரன் மாத்திக் குடுத்துட்டான் போலிருக்கு. யாரோ சீனப் பொண்ணு படத்த வச்சிருக்கான் பாருங்க."

அவங்க என்னைப் பாத்தாங்க. கோபமா பாத்திருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவா கைய நீட்டி அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. "இது எம்மவதாம்மா"ன்னாங்க. பையில வச்சு சிப்பை இழுத்துட்டு, படியிறங்கிப் போயிட்டாங்க.

நாக்கைப் புடுங்கிக்கலாம்னு இருந்துச்சு. ஏன்னா தெரியாம இருக்க எனக்கு ஒரு நியாயமும் கிடையாது. தோட்டத்துல வளந்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, தொழிலாளிங்க குடியிருக்கிற எந்த லயத்துலயும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். சீனக் குடும்பத்துல அஞ்சாவது ஆறாவது பொட்டப்பிள்ளையா பொறந்திருக்கும், இல்ல ஜாதகம் சரியில்லன்னிருப்பாங்க. நம்ம ஆளுங்க வாங்கி நெஞ்சுல போட்டு வளத்துடுவாங்க. காது குத்தி, மொட்டை போட்டு, தேவாரம் பாட வச்சு, அது பாட்டுக்கு நம்ம பிள்ளையா வளரும். எங்க லயத்துலயே ஒரு அக்கா இருந்தாங்க. அவங்ககிட்டதான் நான் கோலம் கத்துக்கிட்டேன். டவுனுக்கு வந்து நாலு ஃபைல் கட்டினதும் அதெல்லாம் எனக்கு மறந்து போச்சு.

மறுநாள் அண்ணன் தனியா வந்தாரு. மாடி ஏறல. கீழ காப்பிக்கடையில உக்காந்துக்கிட்டு ஆள் விட்டாரு. நான் மன்னிப்புக் கேக்கப் போனா, அவரு என்னைக் கேக்க விடல.

"சரசுக்கு ரெண்டு பிள்ளை தங்கல தங்கச்சி. ரெண்டாவது போய் மூணு நாள்ல தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கிற டிரெஸர் ஒரு துண்டுல சுத்தி இதைக் கொண்டாந்தாரு. பின்னால காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீனக் குடும்பத்துப் பிள்ளை. சரசுக்கு மாருல பாலு கட்டிக்கிட்டு நின்னுச்சு. அவரே பிறப்புப் பத்திரத்துல எங்க ரெண்டு பேரையும் பெத்தவங்கன்னு எழுதிட்டாரு. நல்ல மனுசன். இப்ப இல்ல."

பத்திரத்தை எடுத்து எம்முன்னால வச்சாரு. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்துச்சு. எழுதியிருக்கறதுதான் நடக்காதது.

"படிப்புக்குன்னு சொன்னது பொய்யில்ல"ன்னாரு. "ஆனா அது மட்டுமில்ல. கோயிலுக்குப் போனா, கல்யாண வீட்டுக்குப் போனா, ரோட்டுல லோரிய நிறுத்தினா, எவனாவது ஒருத்தன் கேக்குறான், இது யாரு, எங்க கிடைச்சுதுன்னு. போன மாசம் ஒரு பொம்பள அவ எதிர்லயே கேட்டா, இதுக்கு யாரு மாப்பிள்ள குடுப்பாங்கன்னு. வெள்ளக்காரன் ஊருல நாம எல்லாருமே ஆசியாக்காரன்தானே? அங்க யாரு எங்க மூஞ்சிய ஒத்துப் பாக்கப் போறா?"

நான் காப்பியக் கலக்கிக்கிட்டே இருந்தேன். ஒத்துப் பாக்குறதுக்குன்னே சிங்கப்பூர்ல கனடா விசா ஆபீசரு ஒருத்தரு நாலு படத்தையும் வரிசையா வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாருன்னு அவருகிட்ட எப்படிச் சொல்றது? ஆனா சொல்லணும்ல, அதுக்குத்தானே சம்பளம். சொன்னேன். மனுசன் முகம் செத்துப் போச்சு. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கப் பாத்தோமா தங்கச்சின்னு கேட்டாரு.

முதலாளிகிட்டப் போனேன். அவரு கண்ணாடியத் துடைச்சுக்கிட்டே கேட்டாரு.

"பிள்ளை, பத்திரத்திலை உள்ளபடி குடுத்தால் என்ன?"

"கேட்டா பொய் சொல்லணும் ஐயா. பிடிச்சா நாலு பேருக்கும் கதவு அடைச்சிடும். இங்க அந்தப் பொண்ணோட அடையாளக் கார்டு ஐசிக்கே வம்பு வரும்."

"அப்ப மூண்டு பேரைப் போடும். அந்தப் பிள்ளை பிறகு ஸ்டூடன்ட் விசாவிலை போகட்டும். மாசம் முடியுது, யோசிச்சுக் கொண்டிருக்க நேரமில்லை."

தப்பா சொல்லல. அந்த நேரத்துக்கு அது ஒரு வழிதான். அண்ணனுக்குப் போன்ல சொன்னேன். அவரும், "நாலு வருஷத்துல கூப்புட்டுக்கலாம்ல?"ன்னாரு. கூப்புட்டுக்கலாம்ணேன்னு நானும் சொன்னேன். அது முடியுமான்னு எனக்கே சரியாத் தெரியாது. சொல்லிட்டு, பிள்ளைகள் எத்தனைங்கற இடத்துல ஒண்ணுன்னு டைப் அடிச்சேன். இந்த வேலையில நான் பண்ணின தப்புலயே பெரிய தப்பு அதுதான். போட்டோ விஷயத்துல வாய் தவறிடுச்சு. இது தெரிஞ்சே பண்ணினது.

சனிக்கிழமை கையெழுத்து வாங்க நியாலாஸ் போனேன். தேவிதான் மைலோ கலக்கிக் கொண்டாந்துச்சு. "வாங்க ஆண்டி, வெயில்ல வந்திருக்கீங்க, ஃபேன் கிட்ட உக்காருங்க"ன்னுச்சு. கண்ண மூடிக்கிட்டு கேட்டா நம்ம ஜாசின் பக்கத்துப் பொண்ணு பேசுற மாதிரிதான் இருக்கும். அண்ணன் மேசையில ஃபாரத்தை விரிச்சுக்கிட்டு பேனாவக் கையில வச்சிருந்தாரு. எழுதல.

தேவி அவருக்குப் பின்னால வந்து நின்னுச்சு. ஃபாரம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. அந்த வீட்டுல அதைப் படிக்கத் தெரிஞ்சது தேவி ஒண்ணுதான். கண்ணு கீழ கீழ இறங்கி, பிள்ளைகள் எத்தனைங்கற இடத்துல நின்னதை நான் பாத்தேன். அப்புறம் ரூமுக்குள்ள போயிட்டு வந்துச்சு.

"அப்பா, அந்தப் பேனா மை திட்டுத்திட்டா வரும். இது நல்லா எழுதும்"னு தன்னோட பள்ளிக்கூடப் பேனாவ நீட்டுச்சு.

அண்ணன் பேனாவ வாங்கல. சரசக்கா குசினி வாசல்ல நின்னு, "என்னடி போட்டிருக்கு அதுல?"ன்னாங்க.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு"ன்னுச்சு தேவி.

அதுக்கு மேல என்னால உக்கார முடியல. ஃபாரத்தை இழுத்து என் பையில திணிச்சேன். "கையெழுத்து வேண்டாம்ணே. போகட்டும் இந்த மாசம்"னேன். முதலாளிய கேக்காம சொன்னதுதான். வேலை போனாலும் போகட்டும்னு ஒரு ஆத்திரம் எனக்கு.

அப்புறம் மூணாவது வழியச் சொன்னேன். உள்ளதைச் சொல்லி, தேவிய முறைப்படி தத்துன்னு பதியணும். பதினெட்டு முடியறதுக்குள்ள பண்ணணும். அது முடியறதுக்குள்ள கனடாவுல தொகை ஏறிடும், நமக்கு எட்டாது. அப்புறம் ஆஸ்திரேலியாதான். அங்க போய் அண்ணன் தொழில் பண்ணியாகணும்.

"நான் எங்க போய் இங்கிலீஷ் பேசித் தொழில் பண்றது?"ன்னாரு அண்ணன்.

"நான் பேசறேன்பா"ன்னுச்சு தேவி.

பாருங்க, இங்கிலீஷ் பேச வருமான்னு அன்னிக்கு நான் கேட்டது அவரு ஒருத்தரைத்தான். வீட்டுல பேசுற ஆள் ஒண்ணு இருந்துச்சு. அந்தக் குடும்பத்துக்கு ஏத்த திட்டம் எதுங்கறதே அந்தப் பொண்ணு உள்ள இருக்கா வெளிய இருக்காங்கறதுலதான் இருந்துச்சு. நான் பணத்தைப் பாத்தேன், வயசைப் பாத்தேன், வீட்டப் பாக்கல.

ஆனா சரசக்கா ஒத்துக்கல. குசினி வாசல்ல நின்னவங்க வந்து எம்முன்னால உக்காந்தாங்க. "தத்துன்னு எழுதினா நான் கைநாட்டு வைக்க மாட்டேம்மா. நான் தத்து எடுக்கல. ஒரு மொறம் தவிடு குடுத்து வாங்கினேன். ரெண்டு பிள்ளைய சாகக் குடுத்தவ நானு. எமன் கண்ணு படாம இருக்கணும்னா பிள்ளைய தவிட்டுக்கு வாங்கணும்னு பெரியவங்க சொன்னாங்க, வாங்கிட்டேன். வாங்கிட்டா எனக்குச் சொந்தம். தத்துன்னா யாரோ குடுத்ததுன்னு ஆயிடும்ல? குடுத்தவங்க திருப்பிக் கேக்கலாம்ல?"

சட்டம் வேறன்னு சொல்லலாம். அந்த முகத்தப் பாத்து சொல்ல வரல. "அக்கா, திருப்பிக் கேக்க மாட்டோம்னு பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கறதுதான் அந்தப் பேப்பரே"ன்னேன். "ஆனா அதுக்குப் பெத்தவங்க வரணும். எங்க இருக்காங்களோ, உசுரோட இருக்காங்களோ."

தேவிதான் சொல்லுச்சு. "ஜாசின் காய்கறிப் பாசார்ல இருக்காங்க. கடைசி மேசையில கங்கோங் கீரை விக்கிற அந்தச் சீன அம்மா, ஆ சோ."

அண்ணன் திரும்பிப் பாத்தாரு. சரசக்கா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"எனக்கு பத்து வயசுலயே தெரியும்மா"ன்னுச்சு. "எல்லாருக்கும் நிறுத்துக் குடுக்குறாங்க, நமக்கு மட்டும் அள்ளிப் போடுறாங்க. என் கண்ணும் அவங்க கண்ணும் ஒரே மாதிரி இருக்கு. நீங்கதான் வாரா வாரம் என்னைக் கூட்டிட்டுப் போனீங்க. நான் வரலன்னாலும் திட்டித் திட்டி கூட்டிட்டுப் போனீங்க."

சரசக்கா முந்தானையால முகத்தத் துடைச்சாங்க. "பெத்தவ கண்ணுக்குக் காட்டணும்ல. இல்லன்னா பாவம்ல"ன்னாங்க.

அண்ணன் வாய் பிளந்து உக்காந்திருந்தாரு. "ஏண்டி, பதினேழு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா எனக்குக் கங்கோங் பொரட்டுனது இதுக்குத்தானா?"ன்னாரு. தேவி முதல்ல சிரிச்சுச்சு. அப்புறம் சரசக்காவும் அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. நான் ஆறிப்போன மைலோவ ஒரே மடக்குல குடிச்சேன்.

முதலாளி மூணு நாள் என்னோட பேசல. நாலாம் நாள் அவருக்குத் தெரிஞ்ச வக்கீலோட நம்பரை ஒரு துண்டுல எழுதி என் மேசையில வச்சிட்டுப் போனாரு. மனுசன் அப்படித்தான்.

அதுக்கு அப்புறம் நடந்ததெல்லாம் பேப்பர் வேலை. உங்களுக்கே தெரியும், சொன்னா கொட்டாவி வரும். கனடாவுல தொகை ஏறிச்சு. அண்ணன் அஞ்சு லோரிய வித்தாரு. ஆஸ்திரேலியா ஃபைலை நாலு பேரோட கட்டினேன். இன்டர்வியூவுல ஆபீசரு படத்தை ஒரு தரம் பாத்தாரு, தத்துப் பேப்பரை ஒரு தரம் பாத்தாரு, அப்புறம் லோரியப் பத்தித்தான் கேட்டாராம். மழைக்காலத்துல தோட்டத்து மண் ரோட்டுல பாரம் ஏத்தின லோரிய எப்படி எடுப்பேன்னு அண்ணன் அரை மணி நேரம் சொன்னாராம், மொழிபெயர்க்க வந்தவரே களைச்சுட்டாராம். பெர்த் போய்ச் சேந்தாங்க. மொதல்ல ரொம்பக் கஷ்டப்பட்டாங்க, அப்புறம் சொந்தக் கால்ல நின்னுட்டாங்க.

அதனால பிள்ளைங்களா, யாராவது உங்க முன்னால வந்து உக்காந்து எந்தத் திட்டம்னு கேட்டா, மொதல்ல அவங்க வீட்டுல ராத்திரிக்கு எத்தனை தட்டு வைப்பாங்கன்னு கேளுங்க. ஃபாரத்துல இருக்கிற எண்ணிக்கையும் அதுவும் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா பேனாவ மூடி வச்சிடுங்க. மாசக் கடைசி வரும், போகும். ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்னா, தத்துப் பதிவு பண்ணின அன்னிக்கு நானும் கூட இருந்தேன்.

ஆ சோவ சரசக்காவேதான் போய்க் கூப்பிட்டாங்க. பாசார்ல என்ன பேசினாங்கன்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியாது. அன்னிக்கு ஆ சோ சலவை பண்ணின சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தாங்க, நகக்கண்ணுல மட்டும் மண்ணு இருந்துச்சு. தேவிய நேரா பாக்கல. வக்கீல், அண்ணன், அக்கா, தேவி, நான் எல்லாரும் அந்தப் பதிவு ஆபீஸ் மேசைக்கு முன்னால நின்னோம். அங்க ஒரு நடுத்தர வயசு மலாய் அம்மா. டிரெஸர் எழுதினதுக்காக ஏற்கெனவே வக்கீலை நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. அப்புறம் ஆ சோவப் பாத்து மலாய்ல கேட்டாங்க, இது உங்க பிள்ளையான்னு.

ஆ சோ தலைய ஆட்டினாங்க, இல்லன்னு. வக்கீலுக்கு வேர்த்துடுச்சு. இவங்க இல்லன்னு சொல்லிட்டா எல்லாம் போச்சு.

"சாயா பெரானாக் சாஜா"ன்னாங்க. பெத்தது மட்டுந்தான் நானு. அப்புறம் சரசக்காவக் கை காட்டி, "அனாக் டியா பூஞா"ன்னாங்க. பிள்ளை அவங்களுது.

அந்த மலாய் அம்மா பேனாவக் கீழ வச்சாங்க. அப்புறம் பேப்பரைத் திருப்பி, எந்த இடத்துல கைநாட்டு வைக்கணும்னு தன் விரலால காட்டினாங்க. ஆ சோ வச்சாங்க. அடுத்து சரசக்கா. தத்துங்கற வார்த்தைக்கு நேர் கீழதான் அவங்க வைக்க வேண்டிய இடம். ஒண்ணும் கேக்கல, வச்சாங்க.

வெளிய நடையில வந்து நின்னோம். ஆ சோ போகாம நின்னாங்க. சரசக்காவப் பாத்து மெதுவா, "போலே பெகாங்?"னு கேட்டாங்க. ஒரு தரம் தொட்டுக்கவான்னு. பதினேழு வருஷம் கீரையத்தான் நீட்டியிருக்காங்க, விரல் பட்டதில்ல.

சரசக்கா தேவியோட கைய எடுத்து அவங்க கையில வச்சாங்க. ஆ சோ ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, உடனே விடப் போனாங்க. சரசக்கா விட விடல. தன் கைய மேல வச்சு அழுத்திக்கிட்டு, "லாமா சிக்கிட்"னாங்க. இன்னும் கொஞ்ச நேரம்னு. வக்கீல் வாட்சைப் பாத்தாரு. நான் அவரு கையத் தட்டி விட்டேன்.